கையைத் தூக்காதவன்

பிள்ளைப்பாக்கத்து வாடகை அறையில் அறிவுமதி, தம்பி பகலவனுக்குச் சோறு போடும்போதே ஒரு செம்புத் தண்ணீரையும் முன்னால் வைத்துவிடுவாள். வைக்க மறந்தால் விக்கலோடு எழுந்து போவானே தவிர, வாய் திறந்து கேட்கமாட்டான். "மகாராஜாவுக்கு எல்லாம் கையில கொண்டு வந்து தரோணும்" என்று கிண்டல் செய்வாள். சின்னதில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தாள். யார் கொடுத்த செல்லம்? வன்னியில் பதுங்குகுழி, பிறகு படகு, பிறகு தமிழ்நாட்டு அகதி முகாம். அங்கெல்லாம் செல்லம் கொடுக்க யாருக்கு நேரம் இருந்தது!

ஒரகடத்தில் இருவருக்கும் ஒரே கம்பெனி, வேறு வேறு லைன். அங்கே தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். மாற்றாள் வந்து நின்ற பிறகுதான் நகரலாம். பகலவன் கையைத் தூக்கியதே இல்லை. இந்தச் சித்திரை வெக்கையில் இரண்டாவது முறையாக மயங்கி விழுந்தான். மெஷின் விளிம்பு பட்டு நெற்றி கிழிந்தது.

சூப்பர்வைசர் லோகேஷ் அவளைக் கூப்பிட்டனுப்பினான். "இன்னாம்மா உன் தம்பி? தண்ணி கேட்டா நான் இன்னா வாணாம்னா சொல்லப்போறேன்? இன்னொரு வாட்டி வுழுந்தான்னா வேலைய வுட்டே தூக்கிடுவாங்க. அதுகூட பரவால்ல, ஆளே பூட்டான்னா?"

அவள் வெயிலில் ஓடினாள். முதலுதவி அறையில் கட்டுப் போட்ட தலையோடு கிடந்தவனைப் பார்த்ததும் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வாயில என்ன கொழுக்கட்டையோ வைச்சிருக்கிறாய்? ஏன்டா கேக்கேல்லை?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "பங்கருக்குள்ள நான்தானே தண்ணி கேட்டனான். அம்மா எடுக்கப் போனவ. ஷெல் விழுந்தது. வரேல்லை."

நாலு வயதுப் பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்காது என்று அவளும், இருவரையும் வளர்த்த மாமாவும் நம்பியிருந்தார்கள். அம்மாவின் சாவைப் பற்றி வீட்டில் பேச்சே எடுத்ததில்லை. இவனோ இத்தனை வருடமும் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். பாவி மனுசன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எப்படியாவது அதை அவனிடமிருந்து பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள்.

"நீயில்லையடா. நான்தான் கேட்டனான். உனக்கு மாறி ஞாபகம் இருக்கு."

திரும்பி அவளை உற்றுப் பார்த்தான். அந்த முகத்தில் கொஞ்சமாவது நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வழியில் பாதி குடித்திருந்த தண்ணீர் பாட்டில் அவள் கையில் இருந்தது. அவன் பார்வை அதில் போய் நின்றது.

"அப்ப, நீ எப்பிடியக்கா குடிக்கிறாய்?"