சிரித்த மூஞ்சி, அழுத மூஞ்சி

முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கிற பெண்களான எங்களுக்கு ஒரு திட்டத்தில் மீன் கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். படகு வந்து நிற்கும் இடத்திலிருந்து தள்ளி, பஸ் போகும் ரோட்டோரம். மீன் வாங்குகிறவர்கள் கரைக்கே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொட்டகைப் பக்கம் நாய்கூட எட்டிப் பார்க்காது. போதாததற்குத் தகரக் கூரை, மதியத்துக்குள் மீன் வீணாகிவிடும். பழையபடி கூடையோடு கரையில் வெயிலிலேயே உட்கார்ந்தோம். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே கொஞ்சம் நிழலும் ஒரு குழாயும்தான்.

அந்தத் திட்டத்தால் பயன் உண்டா என்று மதிப்பிட ஒரு குழு வந்தது. இந்த முறை மேலே இருப்பவர்கள் முடிவு செய்யப்போவதில்லை, நீங்கள் சொல்வதுதான் ஆய்வு, அடுத்து என்ன கட்டுவது என்பதும் அதை வைத்துத்தான் என்றார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், பொய் சொல்வானேன்.

மணலில் கோலமாவால் இரண்டு மூஞ்சி வரைந்தார்கள். ஒன்று சிரிக்கிறது, இன்னொன்று கண்ணீர் விட்டு அழுகிறது. ஆளுக்கொரு புளியங்கொட்டை. கொட்டகை உதவுகிறது என்றால் சிரிப்பில் போட வேண்டும், இல்லை என்றால் அழுகையில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கலந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடாம்.

காலை நேரம். எங்கள் ஆண்கள் அத்தனை பேரும் கடலில். புருஷன் கடலில் இருக்கும்போது நாங்கள் தலைவிரித்து நிற்க மாட்டோம், 'போச்சு' என்று வாயால் சொல்ல மாட்டோம். அழுகிற மூஞ்சியில் எவள் கை வைப்பாள்? எல்லாக் கொட்டையும் சிரிப்பில் விழுந்தது. என்னுடையதும்தான். படகு கடலில் இருக்கும்போது இன்றைக்குக் கேட்டாலும் அங்கேதான் போடுவேன்.

குழுவை நடத்திய அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"படகெல்லாம் கடல்ல கீதும்மா. அழுவுற மூஞ்சில எப்டி போடுவோம்? அல்லாரும் கரைக்கு வந்தப்புறம் கேளும்மா, நெஜம் வரும்."

அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் மதியம் வேறு குப்பத்துக்குப் போக வேண்டுமாம். நான் சொன்னதையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

சேர்த்துத்தான் இருந்தார்கள். அறிக்கையை ஊரில் வாசித்துக் காட்டியபோது, மீனவப் பெண்களிடம் சுவாரசியமான நம்பிக்கைகள் உண்டு என்று ஒரு வரி வந்தது. அதற்கு முந்தைய வரி, கொட்டகையில் பெண்கள் அனைவருக்கும் திருப்தி என்றது. நான் எழுந்து நின்று, அது திருப்தி இல்லை, பயம் என்றேன். கை தட்டினார்கள். பெண்கள் துணிந்து பேசுகிறார்களாம்.

இப்போது ரோட்டோரம் இரண்டு கொட்டகை. புதியதன் சுவரில், எங்கள் விருப்பப்படி கட்டியது என்று எழுதி, பக்கத்தில் அந்தச் சிரிக்கிற மூஞ்சியையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் கரையில், தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு மீன் விற்கிறேன்.