வல்லைவெளியில் பாய் விரித்தவர்

பிரதீபா அக்கா பேருந்தில் ஏறுவதில்லை. ஏறினால் அச்சுவேலி வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். ஆடும் வள்ளத்தில் நின்றபடி மீன்குழம்பும் சோறும் சாப்பிடக்கூடிய மனுசிக்கு, பேருந்தின் படியில் கால் வைத்ததும் முகம் வெளிறிவிடும். எங்கள் ஊரான தொண்டைமானாற்றில் இது எல்லோருக்கும் தெரியும். நடத்துநர்கள் அவரைக் கண்டால் மணியை இரண்டு தரம் அடித்து வண்டியை எடுத்துவிடுவார்கள்.

அதனால் அச்சுவேலிப் பக்கத்துத் தையல் தொழிற்சாலைக்கு அவர் சைக்கிளில்தான் போய்வந்தார். பிரதான வீதியில் பேருந்துகள் முதுகுக்குப் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கும். ஒருநாள் கோபத்தில் சைக்கிளைக் கடல்நீரேரிப் பக்கம் திருப்பினார். உவர்நிலம், வயல் வரம்பு, பனங்கூடலுக்குள் ஒற்றையடிப் பாதை என்று நீர்க்கரையோடு ஒரு வழி அகப்பட்டது. அன்று வேலைக்குப் பிந்திப்போனார். சேறு பூசிய காலோடு சிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்ததால் மேற்பார்வையாளருக்கு ஏசவும் வாய் வரவில்லையாம்.

அதன் பிறகு லீவு நாள் முழுக்க இதே வேலைதான். தொண்டைமானாற்றில் தொடங்கி மேற்குக் கரையோடு தெற்கே போய், நீர் முழங்காலளவு நிற்கும் இடத்தில் சைக்கிளைத் தோளில் வைத்து ஏரியைக் கடந்து, கிழக்குக் கரையோடு திரும்பி வரலாம் என்று கண்டுபிடித்தார். ஒரே ஒரு சிக்கல்: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதி, வல்லைப் பாலத்தில் ஏரியைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்கும் வழி இருந்தது. கோடையில் நீர் வற்றியதும் பாலத்துக்குக் கீழே இரண்டு ஓரமும் காய்ந்துவிடும். குனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால், மேலே லொறி போகும். கீழே போகிறவருக்கு அதன் நிழல்கூடப் படாது.

“ஒரு வாகனமும் காணாமல் ஏரியைச் சுத்தி வரலாம்,” என்று சந்தையிலும் கோயிலிலும் சொல்லித் திரிந்தார். சைக்கிள் ஓட்டிகளைக் கூட்டிப்போகப் போவதாகச் சொல்லி வேலையையும் விட்டார். பழைய சைக்கிள்கள் வாங்கி முற்றத்தில் அடுக்கினார். ஒருவரும் வரவில்லை. கணவர் பார்த்தீபன் அண்ணை கடலுக்குப் போய்வந்து அந்தச் சைக்கிள்களில் வலையைக் காயவிட்டார்.

கடைசியில் கொழும்பிலிருந்து நிலூஷா வந்தார். சைக்கிள் சுற்றுலா நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு வழிகள் தேர்ந்துகொடுப்பவர். அவர் பேசுவதை மொழிபெயர்க்க, சிங்களம் தெரிந்த என்னைக் கூப்பிட்டார்கள். நிலூஷாவை முன்பு ஒரு பேருந்து இடித்து, தோளெலும்பு முறிந்திருந்தது. அவருடைய வாடிக்கையாளர்களும் வீதிக்குப் பயந்து சைக்கிளை விட்டவர்கள்தான். “வழியில் வாகனம் குறுக்கிட்டால் எடுக்க மாட்டோம். குறுக்கிடாவிட்டால் கோடையில் மாதாமாதம் ஆட்களை அனுப்புவோம்,” என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் பிரதீபா அக்கா, “சத்தியமாய் ஒண்டும் வராது எண்டு சொல்லு பிள்ளை,” என்றார்.

ஆடி மாதம். சோளகக் காற்று அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பிரதீபா அக்காவின் தகப்பன் சிவசுப்பிரமணியம் பாய்மர வள்ளம் ஓட்டிய தண்டையல். அந்த வீட்டில் காலையில் முதலில் பார்ப்பது மணிக்கூட்டை அல்ல, தென்னோலை சாயும் பக்கத்தை. அன்றும் பிரதீபா அக்கா ஓலையைப் பார்த்துவிட்டு, “போகேக்கை காத்து முகத்திலை. வரேக்கை முதுகிலை. வரேக்கை மிதிக்கவே தேவையில்லை,” என்று அறிவித்தார்.

போகும்போது உயிர் போனது. தென்மேற்கிலிருந்து வந்த காற்று எங்களை நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்தது. நிலூஷாவின் தொப்பி பறந்து ஏரியில் விழுந்து, தாராக்குஞ்சுபோல மிதந்து போனது. பாலத்துக்குக் கீழே குனிந்து போனபோது மட்டும் அவர் நின்று, தலைக்குமேல் கடகடத்த சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தண்ணீரில் இறங்கி ஏரியைக் கடந்தோம்.

அக்கரையில் பார்த்தீபன் அண்ணை புட்டும் தேநீரும் வைத்துக்கொண்டு, படங்கு என்று நாங்கள் சொல்லும் நீலத் தார்ப்பாயை விரித்துக் காத்திருந்தார். சாப்பிட்டு எழும்பியதும் காற்று படங்கை ஊதித் தூக்கியது. பிரதீபா அக்கா அதைப் பார்த்தார். பிறகு சைக்கிள்களைப் பார்த்தார். பிறகு, இறால் வலைக்கு நட்டிருந்த தடிகளைப் பார்த்தார்.

“இஞ்சரும், அந்த எண்ணத்தை விடும்,” என்றார் பார்த்தீபன் அண்ணை.

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“உம்மடை முகம் சொல்லுது.”

சற்று நேரத்தில் இரண்டு சைக்கிள்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒவ்வொன்றின் கரியரிலும் ஒரு தடி, நடுவில் படங்கு. ஒன்றில் பிரதீபா அக்கா ஏறினார். மற்றதில் ஏற ஆள் தேவைப்பட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன். தொப்பியில்லாத தலையோடு நிலூஷா போய் ஏறினார்.

“பாய் விரிக்கிறது சரி. இறக்கிறது ஆர்?” என்று பார்த்தீபன் அண்ணை கத்தினார்.

படங்கு பட்டென்று புடைத்தது. இருவரும் போய்விட்டார்கள்.

வல்லைவெளியைக் கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரமில்லை, மேடில்லை, உப்புப் பூத்த தரை சிமெந்துபோல இறுகிக் கிடக்கும். அதில் அந்த நீலப் பாய் பறந்தது. நான் மற்றொரு சைக்கிளில் மிதித்து மிதித்துப் பின்னால் போனேன். முன்னால் இரண்டு பெண்கள் கால்களை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஒருவர் சிங்களத்திலும் ஒருவர் தமிழிலும் கூச்சலிட்டார்கள். மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. கொக்குகள் கூட்டமாக எழும்பின. எருமையொன்று வாயில் புல்லோடு அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்து, ஹான்டில் நடுங்கியது.

பாலம் தெரிந்தது. இடப்பக்கம் திரும்பினால் பாலத்துக்குக் கீழே போகும் பாதை. சோளகமோ வலப்பக்கம் தள்ளியது. வலப்பக்கம் பருத்தித்துறை வீதி.

“பாயை இறக்கு! பாயை இறக்கு!” என்று பிரதீபா அக்கா கத்தினார். வள்ளத்தில் அப்படிக் கத்தினால் இறக்க ஒருவன் இருப்பான். இங்கே இருந்தவர் நிலூஷா மட்டும். அவர் அதை உற்சாகக் கூச்சலென்று நினைத்து, தானும் கையை உயர்த்திக் கத்தினார். பிரேக்கை இறுக்கப் பிடித்தும் சில்லுகள் வழுக்கிக்கொண்டே போயின. இரண்டு சைக்கிள்களும் வீதிச் சரிவில் ஏறி, தார் நடுவில் வந்து, மூச்சு விட்டதுபோல நின்றன.

எதிரே பருத்தித்துறைப் பேருந்து. பிரேக் கிரீச்சிட்டது. நீண்ட ஹோர்ன். படங்குக்கு நாலு முழம் முன்னால் அது நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரதீபா அக்காவின் முகம், பேருந்தில் ஏறும்போது வெளிறுவதுபோல வெளிறிக் கிடந்தது. “முடிஞ்சுது பிள்ளை,” என்றார் மெல்ல. ஜன்னலெல்லாம் தலைகள். நடத்துநர் படியில் தொங்கியபடி, “அக்கா, காங்கேசன்துறைக்கே போறியள்? கப்பல் வழி மாறி வந்திட்டுது!” என்றார்.

சாரதி இறங்கி வந்தார். மார்க்கண்டு என்று பெயர், பாய்மரக் கப்பலோட்டிகளுக்குப் பேர்போன வல்வெட்டித்துறைக்காரர். ஏசப்போகிறார் என்று நின்றோம். அவர் தடியில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“ஆர் உந்த முடிச்சுப் போட்டது?”

“நான்தான்,” என்றார் பிரதீபா அக்கா.

“சோளகத்துக்குள்ளை உப்பிடியே முடிச்சுப் போடுறது? ஒரு இழுவையிலை அவிழ வேணும் தங்கச்சி!”

“அண்ணை, என்ரை அப்பா தண்டையல்.”

“அப்ப அவர் கரையிலைதான் நிண்டிருப்பார்.”

பேருந்து முழுக்கச் சிரித்தது. பிரதீபா அக்காவின் முகத்துக்கு இரத்தம் திரும்பிவிட்டது. “அப்பாவைச் சொல்லாதேங்கோ! எங்கை, நீங்கள் போட்டுக் காட்டுங்கோ!” என்று வீதி நடுவில் சண்டை தொடங்கியது. பின்னால் முச்சக்கரவண்டிகள் வரிசை கட்டின. மார்க்கண்டு அண்ணை ஆறுதலாகக் கயிற்றை மடித்து முடிச்சுப் போட்டுக் காட்டினார்.

நிலூஷா பேருந்தின் முன்பக்கத்தை, மிக அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “அவரை இன்னொரு தடவை ஹோர்ன் அடிக்கச் சொல்லுங்கள்,” என்றார். நான் சொன்னேன். மார்க்கண்டு அண்ணை அடித்தார். பின்னால் நின்றவர்களும் காரணம் தெரியாமல் அடித்தார்கள். நிலூஷா சிரித்துச் சிரித்து வீதியிலேயே குந்திவிட்டார்.

சைக்கிள்களைப் பாலத்துக்குக் கீழே இறக்கிய பிறகுதான் பிரதீபா அக்கா கேட்கச் சொன்னார்: “அப்ப, வழி சரிவராது என்ன?”

நிலூஷா மேலே கடகடத்துப் போன பேருந்தைக் காதால் பின்தொடர்ந்தார். “பேருந்து நம்முடைய வழிக்கு வரவில்லை. நாம்தான் அதனுடைய வழிக்குப் போனோம். வழி சரி. தண்டையலுக்குத்தான் பிரேக் இல்லை,” என்றார். நான் சொல்லி முடித்ததும் பிரதீபா அக்கா பாலத்துத் தூண் அதிரக் கூவினார்.

இப்போது கோடையில் மாதாமாதம் ஆட்கள் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது பாயைத்தான். வீதிக்கு வெகுதூரம் முன்பே பாய் இறங்கவேண்டும் என்பது நிலூஷாவின் நிபந்தனை. இறக்க ஒருவர் பின்னால் வரவேண்டும் என்பது பார்த்தீபன் அண்ணையின் நிபந்தனை. சைக்கிளில் அவரே வருகிறார். கயிறு ஒரு இழுவையில் அவிழ்ந்துவிடுகிறது. மார்க்கண்டு அண்ணையின் முடிச்சுப்போல இருக்கிறதே என்று கேட்டேன்.

“விசரே? இது என்ரை அப்பான்ரை முடிச்சு,” என்றார் பிரதீபா அக்கா. “அண்டைக்கு மறந்துபோச்சு.”