குளிரைச் சேமித்த கதை

எங்கள் வீட்டில் சிக்கனத்தைத் தொடக்கி வைத்தவன் நான். அதைக் கட்டி இழுத்தவள் என் மனைவி. இந்த வேலைப் பிரிவினை பற்றி அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எரிவாயு சிலிண்டர் கண்ணிலேயே படாமல், பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த நாட்களில் எல்லோருக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது. எனக்குச் சிக்கனப் பைத்தியம். வன்னியில், நெடுங்கேணிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரு சிறிய அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை, இரண்டு ஏக்கர் வயல், மனைவி, நான். பிள்ளைகள் வேறு வேறு ஊர்களில். இரண்டு பேருக்கு என்ன பெரிய செலவு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன், கேட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். நடந்த இடமெல்லாம் செலவாகத் தெரிந்தது.

சில காரியங்கள் நன்றாகவே நடந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முன்பு தினமும் ஏதாவது ஒரு சாட்டில் கடைக்குப் போவோம். தீப்பெட்டிக்குப் போனவன் பிஸ்கற்றோடு வருவேன். அதை வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினோம். இடையில் ஏதாவது முடிந்தால், முடிந்ததுதான். காலையில் விறகடுப்பு மூட்டும்போதே தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றிவிட்டால், பின்னேரம் வரைக்கும் தேத்தண்ணீருக்கு அடுப்பு வேண்டாம். தேங்காயில் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுச் சைக்கிளில் போனேன். வயிறு கொஞ்சம் உள்ளே போனது.

எல்லாவற்றிலும் பெரிய மிச்சம் நெல்லில்தான் கிடைத்தது. இங்கே நெல் வெட்டும் மெஷின் வந்த பிறகு, வயல் வரம்பிலேயே ஈர நெல்லை வியாபாரியின் லொறியில் ஏற்றிவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே நெல்லை அரிசியாக்கி விற்கும் கடையில் வரிசையில் நிற்பது எங்கள் வழக்கம். நெல் விளைவிக்கும் கமக்காரன், கடையில் அரிசி வாங்குகிறான் என்று வேறு ஊரார் கேட்டால் சிரிப்பார்கள். அந்தப் போகத்தில் எங்கள் சாப்பாட்டுக்கான மூட்டைகளைப் பிடித்து வைத்தோம். வெயிலில் காயப்போட்டு, அவித்து, மில்லுக்குக் கொண்டுபோனது முழுக்க அவள். மூட்டைகளுக்கு முன்கூடத்தில் இடம் ஒதுக்கியது நான்.

சில காரியங்கள் சிரிப்பாகப் போயின. ஒருமுறை யாழ்ப்பாணம் போய் வரும் வழியில் ஆனையிறவில் உப்பு மலிவென்று ஒரு மூட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். மாரி தொடங்கியதும் மூட்டை அழத் தொடங்கியது. குசினியில் அடுப்படி மூலையில் நிலம் உப்புப் பூத்துச் சீமெந்து பொரிந்தது.

"ஆத்திலை போட்டாலும் அளந்து போடோணும் எண்டு சொல்லுறனீங்கள். உப்பை எதாலை அளந்தனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். அவளிடம் பதில் சொல்லி வெல்ல முடியாது. என்னுடைய சிகரெட் மட்டும் இந்தத் திட்டங்களில் எங்கேயும் வரவில்லை என்பதையும் அவள் கவனித்திருந்தாள். ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாமல் இருப்பது அவளுடைய சிக்கனம்.

அதற்குப் பிறகுதான் மின்சாரக் கட்டணம் ஏறியது. அந்த மாதப் பில்லைப் பார்த்தபோது என் கண் நேரே பிரிட்ஜுக்குப் போனது. இரவும் பகலும் முனகிக்கொண்டு நிற்கும் ஒரே சாமான் அதுதானே. இரண்டு பேர் வீட்டில் அதற்குள் அப்படி என்ன இருக்கிறது? அரைத் தேங்காய், கொஞ்சம் மீன், ஒரு போத்தல் தண்ணீர்.

ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் இருந்தது. கதவுத் தட்டில், மூடிபோட்டு. அது எங்களுடையதல்ல.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தனியாக இருந்தாள். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவள் பிறந்தது வன்னியில்தான். ஆனாலும் பேச்சில் பெற்றோரின் வாசம் போகவில்லை. வயல் வேலை, கச்சான் கடலை பிடுங்குவது, கூலிக்கு எங்கே கூப்பிட்டாலும் போவாள். என்னை அண்ணே என்பாள், என் மனைவியை அக்கா என்பாள். அவளுக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் தானே ஊசி போட்டுக்கொள்வாள். கிளினிக்கில் கொடுக்கும் இன்சுலின் ஊசி மருந்தைத்தான் அந்தக் கிண்ணத்தில் வைத்திருந்தாள்.

முன்பு அதை அவள் தன் வீட்டில் மண்பானையில் வைத்திருந்தாள். பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் ஒரு சின்னப் பானை, வாயில் நனைத்த துணி. கிளினிக்கில் சொல்லிக் கொடுத்த முறையாம். முருங்கை நிழலில் கிணற்றடிக்குப் பக்கத்தில் அது இருக்கும். நாங்கள் பிரிட்ஜ் வாங்கிய புதிதில் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு நான்தான் சிரித்தேன். "இந்தக் காலத்திலை மருந்தைப் பானைக்குள்ளையே வைக்கிறது? பக்கத்திலை பிரிட்ஜ் இருக்கேக்கை? கொண்டந்து வையுங்கோ தங்கச்சி." உதவிதான். ஆனால் அதில் பாதி, புதுப் பிரிட்ஜ் வாங்கியவனின் பெருமை. அவள் தயங்கித் தயங்கித்தான் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் குசினிக் கதவடியில் அவள் குரல் கேட்கும்.

பிரிட்ஜைப் பகலில் நிற்பாட்டப் போகிறேன் என்று நான் சொன்னதும் மனைவிக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கிண்ணம்தான்.

"அதுக்குள்ளை அவவின்ரை மருந்து கிடக்கு. நிப்பாட்டாதேங்கோ."

"பூட்டின பெட்டிக்குள்ளை இருந்து குளிர் எங்கை ஓடப்போகுது? அதுக்கும் ஒரு வழி வைச்சிருக்கிறன்," என்றேன்.

என் வழி இதுதான். இரவில் பிரிட்ஜின் திருகியை ஆகக் கூடிய குளிருக்குத் திருப்பிவிடுவது. பெட்டி முழுக்கக் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடிந்ததும் சுவிச்சை நிற்பாட்டினால் இருட்டும் வரைக்கும் அந்தக் குளிர் காணும். மருந்துக் கிண்ணம் கதவில் இருந்தால் வெப்பம் பிடிக்கும் என்று, அதை மேல் தட்டில், ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே, நானே எடுத்து வைத்தேன். எவ்வளவு கவனமானவன் நான் என்று எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது.

பில் குறைந்தது. அடுத்த மாதம் இன்னும் குறைந்தது. அலுவலகத்தில் நாலு பேருக்கு இந்த முறையை விளக்கினேன். ஒருவர் கடதாசியில் குறித்துக்கொண்டு போனார்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுப் பெண் மெலியத் தொடங்கினாள். கிளினிக்கில் சீனி ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வாயைக் கட்டாமல் மருந்தை மட்டும் போட்டால் சரிவருமா என்று தாதி ஏசினாளாம். அவள் தேத்தண்ணீரில் சீனியை நிறுத்தினாள். பிறகு தேத்தண்ணீரையே நிறுத்தினாள். இரவுச் சோற்றை விட்டாள். அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது. அவள் மத்தியானச் சோற்றிலும் பாதியை விட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைக் காட்டி என் மனைவிக்குப் புத்தி சொன்னேன். "பார், ஒருநேரச் சாப்பாட்டோடை அவ வயலுக்கும் போறா. நாங்கள்தான் மூண்டு நேரமும் கொட்டிறம்."  அன்று பின்னேரம் மனைவி ஒரு கோப்பையில் கீரைப் பிட்டு எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனாள், கோப்பையை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். அந்தப் பெண் வாங்கவில்லையாம்.

பிறகு அந்தப் பெண்ணின் கால் விரலில் மண்வெட்டி பட்டது. சின்னக் காயம். மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. விரல் கறுக்கத் தொடங்கியது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார்கள். கூலிக்குப் போகிறவளுக்குக் கால்தானே முதல். அவள் சீலைத் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து மருந்தை எடுத்துக்கொண்டு போவாள். மனைவி கேட்டிருக்கிறாள், மருந்தில் ஏதும் பிழை இருக்குமோ என்று. அவள் சொன்ன பதிலை மனைவி எனக்குச் சொன்னாள்.

"கிளினிக் மிஸ்ஸியும் அதத்தான் கேட்டாங்க அக்கா, மருந்த எங்க வைக்கிறீங்கன்னு. பக்கத்து வீட்டு பிரிட்ஜுல, அண்ணன் கவனமா வச்சிருக்காருன்னு சொன்னேன். அப்ப சாப்பாட்டுலதான் பிழைன்னாங்க."

நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மனைவி ஒரு செத்த வீட்டுக்கென்று முதல் நாளே முல்லைத்தீவுக்குப் போயிருந்தாள். விடியற்காலை, நான் இன்னும் சுவிச்சை நிற்பாட்டவில்லை. வழக்கத்தைவிட நேரத்தோடு கதவடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது. "அண்ணே, பழைய போத்தல் முடிஞ்சிருச்சு. புதுசு ஒன்னு எடுத்துத் தாங்க." மற்ற நாட்களில் இதெல்லாம் மனைவியின் வேலை. மனைவி பிரிட்ஜைத் திறக்கும்போது அது நின்று ஒரு மணித்தியாலம் ஆகி, முன்னால் இருக்கும் போத்தல் இளகியிருக்கும். அன்றைக்குத்தான் முதல் முறையாக நான் அந்தக் கிண்ணத்துக்குள் கை விட்டேன்.

பின்னால் கிடந்த போத்தலை எடுத்தேன். அது கல். ஆட்டினேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. அடுத்ததை எடுத்தேன், அதுவும் கல். இரவு இரவாக உறைந்து, பகல் பகலாக உருகி, எத்தனை நாளாக இது நடந்திருக்கிறது என்று என் தலை தானாகவே எண்ணத் தொடங்கியது. அவள் சீனியை விட்டது, சோற்றை விட்டது, விரல் கறுத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவளுடைய வாயில் ஒரு பிழையும் இல்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதியே பயனில்லை. ஒரு கணம், அந்தப் போத்தலை உள்ளங்கையில் வைத்து உருக்கி அவளிடம் கொடுத்துவிடலாம், இன்றிரவு முதல் திருகியைச் சரியாக வைத்துவிடலாம், ஒருவருக்கும் தெரிய வராது என்று நினைத்தேன். போத்தலைப் பொத்திக்கூடப் பிடித்துவிட்டேன். கை விறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு காலைத் தூக்கிக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"இண்டைக்கு இந்த மருந்தைப் போடாதேங்கோ தங்கச்சி," என்றேன். "இது பழுதாப் போச்சு. நான்தான் பழுதாக்கினனான்."

அவளுக்கு விளங்கவில்லை. போத்தலைக் கையில் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து, திருகியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் போத்தலை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்ப நான் சோறு தின்னதால இல்லையா அண்ணே?" என்று கேட்டாள்.

"இல்லை."

அவள் அழுதாள். கோபத்தில் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் முகத்தில் தெரிந்தது ஆறுதல்.

மிச்சம் பிடித்து வைத்திருந்த பெற்றோலை ஊற்றி அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். உறைந்த ஊசி மருந்து தண்ணீருக்குச் சமன், உருகினாலும் எறியத்தான் வேண்டும் என்று தாதி சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. அங்கே மருந்துக்குத் தட்டுப்பாடு. ஒரு போத்தல்தான் கிடைத்தது. மீதியை வவுனியாவில் பார்மசி பார்மசியாக ஏறி வாங்கினேன். பிரிட்ஜில் நான் பிடித்த மிச்சம் முதல் கடையோடு முடிந்துவிட்டது. அலுவலகத்தில் குறித்துக்கொண்டு போனவரைத் தேடிப் போய்க் கடதாசியைக் கிழிக்கச் சொன்னேன். அவர் அதை எப்போதோ தொலைத்துவிட்டிருந்தார்.

விரலை எடுக்க வேண்டி வரவில்லை. காயம் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. நகம் இன்னும் சரியாக வளரவில்லை. செத்த வீட்டிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்ட மனைவி என்னை ஏசவில்லை.  மூன்றாம் நாள் நான் சிகரெட்டை விட்டேன். அவள் கேட்டதற்காக விடவில்லை.

நாங்கள் இப்போதும் கணக்காகத்தான் செலவு செய்கிறோம். பிளாஸ்க் இருக்கிறது, பாதித் தேங்காய் இருக்கிறது, முன்கூடத்தில் நெல் மூட்டை இருக்கிறது. ஏதாவது ஒன்றைக் குறைக்கப் புறப்பட்டால், முதலில் மனைவியைக் கூப்பிட்டு, இதிலே வேறு யாருடைய சாமான் கிடக்கிறது என்று கேட்கிறேன். பிரிட்ஜை நிற்பாட்டுவதில்லை. திருகி நடுவில் நிற்கிறது.

போன மாதம் பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போனேன். முருங்கை நிழலில் பழைய சட்டி, ஈர மணல், அதற்குள் பானை, பானைக்குள் மருந்து. துணியை விலக்கி உள்ளே கை விட்டுப் பார்த்தேன். நல்ல குளிர்ச்சியாக இருந்தது. ஒரு சதச் செலவில்லை. நான் தேடித் திரிந்த சிக்கனம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதைப் பார்த்துத்தான் நான் சிரித்திருக்கிறேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு கரைச்சல். "மருந்தைத் திரும்பவும் எங்கடை வீட்டிலை கொண்டந்து வையுங்கோ தங்கச்சி," என்றேன். "இனி அந்தச் சுவிச்சிலை என்ரை கை படாது."

அவள் ஒரு செம்புத் தண்ணீரை மணலில் சுற்றி ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

"இருக்கட்டும் அண்ணே," என்றாள். "ஒங்களுக்கும் கரண்ட் பில் இருக்குல்ல."