குட்டையில் மிதித்த பாசி

பிள்ளைகளா, நேற்று கடற்கரையில் ஒதுங்கிய பாசியை நீங்கள் ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடியபோது, நான் மட்டும் ஏன் எழுந்து போனேன் என்று கேட்டீர்கள். அதை இங்கே எழுதுகிறேன்.

கடப்பாக்கத்தில் எங்களுக்கு இருந்த ஒரே வயலை வெட்டி என் அப்பா இறால் குட்டை ஆக்கினார். உப்புத் தண்ணீர் ஏறிய மண்ணில் இனி நெல் விளையாது. இறால் பிழைத்தால்தான் நாங்கள் பிழைப்போம். அந்த வருஷம் அறுவடை நெருங்கும்போது இறாலின் வால் சிவந்து, ஓடு கறுக்கத் தொடங்கியது.

தண்ணீரைச் சோதிக்க வந்த ஆராய்ச்சிக்கார அக்கா, பாக்டீரியா நோய் என்றார். கண்ட ஆண்டிபயாடிக்கையும் கொட்ட வேண்டாம் என்றார். கடற்பாசியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சாறு இறக்கித் தீவனத்தில் கலந்தால் கிருமி அடங்குமா என்று அவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"லேப்ல நல்லா வருது. குட்டையில இன்னும் போட்டுப் பாக்கலை. நானே கொண்டாறேன், அதுவரைக்கும் பொறுங்கண்ணா."

அப்பா பொறுக்கவில்லை. நடவுக்கு முன் வயல் சேற்றில் தழையைப் போட்டு மிதித்தால் சத்து தானாக இறங்கும் என்பது அவர் கால்களுக்குத் தெரிந்த சங்கதி. மறுநாளே கடலோரத்தில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டைக்குப் பின்னால் ஒதுங்கிய பாசியை வண்டி வண்டியாக அள்ளிவந்து, குட்டையில் கொட்டி மிதித்தார்.

கரையில் நின்ற மாமா சிரித்தார். "இன்னா மச்சான், நாத்து எப்போ நடப்போற?"

"சும்மா கெட. மருந்து மருந்துதான். சாறா எறங்குனா இன்னா, தழையா எறங்குனா இன்னா?"

நானும் இறங்கி மிதித்தேன். காலுக்கு வழவழவென்று சுகமாக இருந்தது.

சில நாளில் தண்ணீர் நாறியது. ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். அடியிலேயே கிடக்கும் இறாலெல்லாம் மேலே வந்து கரையோரம் மொய்த்தன. வீட்டுக்கு ஓடினேன்.

"எப்பா, மருந்து வேலை செஞ்சிடுச்சு! எல்லாம் மேல வந்து ஆடிக்கினு கீது!"

அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடினார். பாசி அழுகி, தண்ணீரிலிருந்த காற்று தீர்ந்து, அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சின்னப் பிள்ளை, எனக்குத் தெரியாது. மதியத்துக்குள் எல்லாம் செத்து, குட்டையில் அசைவே இல்லை.

"அந்தப் பொண்ணு அலசணும்னுச்சு, காய வைக்கணும்னுச்சு, பொறுன்னுச்சு" என்று வரப்பில் உட்கார்ந்து சொன்னார்.

நான் முதல் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் யாரும் இல்லாதபோது, பாசி அள்ளிவந்த சாக்கில் ஒட்டியிருந்த ஒரு பிடியை அடிபம்பில் அலசி அலசி, மோட்டார் கொட்டகை நிழலில் இழை இழையாகப் பிரித்துக் காயவைத்தேன், காலையில் இறாலுக்குப் போட்டால் பிழைத்துவிடும் என்று.