ஆட்கள் இல்லாத கொட்டில்

1938ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த சுரங்கப் படக் கண்காட்சியின் விவரப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: "பழைய கண்ணாடித் தகடுகளைப் பழுதுதீர்த்து, காலத்தால் இழந்தவற்றை மீட்டுத் தந்தவர்: திரு. எஸ். கிளறன்ஸ், சித்திரக் கலைஞர், கொட்டாஞ்சேனை."

கிளறன்ஸுக்குச் சித்திரம் வராது. கோழி வரையச் சொன்னால் குடத்துக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுப்பார். ஜம்பட்டா வீதியில் ஹாஷிம் முதலாளியின் ஸ்டூடியோவில் பதினெட்டு வருடமாக அவர் கையில் இருந்தது தூரிகையல்ல, ஒரு சின்னக் கத்தி. மாப்பிள்ளையின் நரை, கலியாணப் படத்தில் நின்றுவிட்டுப் பிறகு கோபித்துக்கொண்டு போன சம்பந்தி, இப்படி வேண்டாததையெல்லாம் நெகட்டிவின் பூச்சிலிருந்து சுரண்டி எடுப்பது அவர் வேலை. சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். கறுப்பு கறுப்போடு சேர்ந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

கண்காட்சிக்கென்று மற்றக் காலனிகளிலிருந்து பழைய செம்புச் சுரங்கங்களின் படங்கள் கப்பலில் வந்து இறங்கின. எல்லாம் ஆளுயரப் படங்கள். தாடியும் மீசையுமாக ஆண்கள், தொப்பியில் மெழுகுதிரி, காலடியில் செம்புப் பாறை. இலங்கையில் செம்பு தோண்டுவார் இல்லை. சிங்களவர் மினிரன் என்றும் நாங்கள் பென்சில் கரி என்றும் சொல்லும் கறுப்புக் கல்தான் உண்டு. முப்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு துரை அதையும் படம்பிடித்து வைத்திருந்தான். ஏழு கண்ணாடித் தகடுகள், எல்லாம் நெகட்டிவ். தூசி தட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஏழிலும் பெண்களும் பிள்ளைகளும்.

செம்புப் படங்களில் மருந்துக்கும் ஒரு பெண் இல்லையே என்று நமசிவாயம் கவலைப்பட்டார். கண்காட்சிக் கந்தோரின் தலைமை எழுத்தர். வெள்ளவத்தையிலிருந்து ரெயிலில் வந்து போகிறவர். பெண்பிள்ளைகள் ஐந்து பேரையும் படிக்கவைத்துப் பெருமைப்படுகிறவர். உலகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு தகட்டின் உறையிலும் "பெண்கள், பிள்ளைகள்: நீக்குக" என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அந்தப் பென்சிலுக்குள் இருந்ததும் அந்தப் பெண்களும் பிள்ளைகளும் சலித்துப் பிரித்த கரிதான். அவ்வளவு தூரம் யோசிக்கத் தலைமை எழுத்தருக்கு எங்கே நேரம்?

ஏழாவது தகடு சுரங்கமே அல்ல. வண்டியில் வரும் கரியைச் சலித்துத் தரம் பிரிக்கும் கொட்டில். கொட்டாஞ்சேனையில், கிளறன்ஸின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. மற்றவர்கள் பேப்பர் வாசிப்பது போல கிளறன்ஸ் நெகட்டிவ் வாசிப்பார். கறுப்பு வெளுப்பாக மாறும் அந்த நெகட்டிவில் கரி அப்பிய முகங்கள் வெள்ளை வெளேரென்று, துரைசாணிகள் மாதிரி நின்றன. இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆள், கையில் சல்லடையோடு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கிளறன்ஸின் கை நின்றுவிட்டது. அவருக்கு ஆறு வயதாயிருக்கும்போது, காலையில் அவர் தலையை இழுத்துப் பிடித்துச் சீவிவிடுகையில் அவருடைய அக்கா நேசமலர் அப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொள்வாள். பதின்மூன்று வயதில் கொட்டிலுக்குப் போனவள், பதினாறில் இருமி இருமிச் செத்தாள். வீட்டில் அவளுக்குப் படம் இல்லை. சுவரில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஆணி மட்டும் இருந்தது. நவம்பரில், செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் நாளில் அம்மா அந்த ஆணிக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவாள்.

கிளறன்ஸ் முதலாளியிடம் போய், ஒரே ஒரு ஆளை விட்டுவைக்கலாமா என்று கேட்டார்.

"ஒண்ட விட்டா மிச்சம் பேர் எங்க போன எண்டு கேப்பாங்க," என்றார் ஹாஷிம். "பிரதியும் எடுக்க வாணாம். கவர்ன்மெண்ட் சாமான். நாலு மணிக்குப் பியோன் வாறான்."

பதினெட்டு வருடத்தில் கிளறன்ஸ் முதன்முதலாக முதலாளியின் சொல்லை மீறினார். தகட்டின் மேல், வெயில் பட்டாலே படம் விழும் புரூஃப் கடதாசியில் ஒரு துண்டை வைத்துப் பின்முற்றத்து வெயிலில் காட்டினார். நேசமலர் மெல்ல மெல்லச் சிவப்பேறி வந்தாள். ஆனால் ஹைப்போ மருந்தில் கழுவி நிறுத்தாத புரூஃபுக்கு வெளிச்சம் ஆகாது. பார்க்கப் பார்க்க இருண்டுகொண்டே போகும். ஹைப்போத் தட்டம் இருட்டறையில் இருந்தது. இருட்டறையில் முதலாளி, கலியாண வீட்டுப் படங்களோடு, ஸ்டூடியோ மூடும்வரை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். நாளைக்குக் கழுவலாம் என்று கிளறன்ஸ் கடதாசியைக் கறுப்புத் தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தார். பிறகு கத்தியை எடுத்தார். நாலு மணிக்குப் பியோன் வந்தபோது தகடு தயாராக இருந்தது.

வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை என்றுதான் நினைத்துப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஜன்னலைச் சாத்தி, கடதாசியை விரித்து அம்மாவின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஒன்றும் தெரியவில்லை என்றாள். வெளிச்சம் படக்கூடாது, நாளைக்குக் கழுவிக் கொண்டுவந்து தருகிறேன் என்று விளங்கப்படுத்தி, திரும்பச் சுற்றிச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, குழாயடிக்கு முகம் கழுவப் போனார்.

வந்து பார்த்தால், அம்மா வாசற்படியில் மாலை வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் தாள் காலடியில் கிடந்தது.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"மூண்டு வருசம் கரிக்குள்ள, முப்பது வருசம் குழிக்குள்ள. இன்னும் இருட்டுக்குள்ளயா மகன் வைக்கச் சொல்றாய்?"

கிளறன்ஸ் குனிந்து பார்த்தார். அம்மாவின் கையில் முழுக்க முழுக்கக் கருந்தவிட்டு நிறத்தில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது.

"வடிவா நிக்கிறாள்," என்றாள் அம்மா. "எண்ணெய் வச்சு இழுத்துச் சீவியிருக்கிறாள். வாய் மட்டும்தான் எனக்குத் தெரியேல்ல. சிரிக்கிறாளா?"

"இல்லையம்மா," என்றார் கிளறன்ஸ். "உதட்டைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறா."

"ஓம். அவள்தான்," என்றாள் அம்மா.

அந்தக் கடதாசியைக் கிளறன்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆணியில் மாட்டினார். கழுவ அதில் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அந்த நவம்பரில் அம்மா அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். பழையபடி ஆணிக்கு முன்னால் என்றும் சொல்லலாம். கண்காட்சியில் ஏழாவது படத்தின் கீழே, "கொழும்பு: கரி பிரிக்கும் கொட்டில், ஆட்கள் இல்லாத வேளையில்" என்று எழுதியிருந்தது. வேலை வெகு சுத்தம் என்று நமசிவாயம் புகழ்ந்தார். விவரப் புத்தகத்தில் அந்த வரியைச் சேர்த்ததும் அவர்தான்.

1938 பெப்ரவரியில் கிளறன்ஸ் ஏழு தகடுகளிலிருந்து நாற்பத்தொரு பெண்களையும் பதினாறு பிள்ளைகளையும் கத்தியால் சுரண்டி எடுத்தார். அவர்களில் ஒருத்தி அவருடைய அக்கா.