எனக்கு மட்டும் என்றால் வேண்டாம்

சட்டத்தில் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டவிரோதக் குடியேறி. முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் எங்கே குடியேறினேன்? அப்பாவும் அம்மாவும் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர்கள், ஒத்துக்கொள்கிறேன். நானும் அண்ணனும் கிருஷ்ணகிரிப் பக்கத்து அகதி முகாமில் பிறந்து, அங்கேயே ரேஷன் அரிசி தின்று வளர்ந்தவர்கள். என் வாழ்க்கையில் நான் தாண்டிய ஒரே எல்லை அத்திப்பள்ளி செக்போஸ்ட். அதையும் ஓசூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே தாண்டினேன்.

பாலிடெக்னிக் முடித்ததும் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனி. வெல்டிங் ஷெட்டில் பாதி நாள், கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது பாதி நாள். அப்பா கடைசிக் காலத்தில் படுக்கைப்புண் வந்து பட்ட பாடு எனக்கு மறக்கவே இல்லை. அவரைப் புரட்டிப் போட மூன்று பேர் வேண்டும், வீட்டில் இருந்ததோ அம்மா மட்டும். அந்த ஆத்திரத்தில்தான் அந்தக் கட்டிலைச் செய்தேன். ஒரே ஆள் கைப்பிடியைச் சுற்றினால் போதும், படுத்திருப்பவர் மெதுவாக ஒரு பக்கம் திரும்புவார். மோட்டார் கிடையாது, கரண்ட் வேண்டாம். எங்கள் முதலாளி அதை ஒரு போட்டிக்கு அனுப்பி வைத்தார். தேசிய அளவில் முதல் பரிசு. பெங்களூரில் பெரிய ஹாலில் விழா வைத்து, மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். மறுநாள் பேப்பரில் என் போட்டோ.

அந்த மறுநாள்தான் முகாமில் செக்கிங்.

செக்கிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு நாள் வருவாய்த்துறை அதிகாரி வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்பார். குடும்ப அட்டையோடு ஒவ்வொருவராக முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும். வெளியூரில் தங்க அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வாங்க அலைந்தால் வேலை போய்விடும், அதனால் யாரும் வாங்குவதில்லை. அது அதிகாரிகளுக்கும் தெரியும். அவர்களும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை, அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடி வந்து வரிசையில் நிற்போம். நான் மாதாமாதம் காணாமல் போவதைப் பார்த்துவிட்டு, கம்பெனியில் என்னை ஏதோ கோயிலில் சாமியாடப் போகிறவள் என்று கிண்டல் பண்ணுவார்கள். ஆமாம் என்று நானும் தலையாட்டிவிடுவேன்.

அந்த மாதம் போக முடியவில்லை. டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்று முதலாளி பிடித்து உட்கார வைத்துவிட்டார். வர முடியாவிட்டால் சொல்வதற்கு எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், அதிகாரி ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அம்மாவுக்கு இது அத்துப்படி. ஆனால் அன்றைக்கு அம்மாவால் காய்ச்சல் என்று சொல்ல முடியவில்லை. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. பேப்பரை மடித்துக் கொண்டுபோய் அதிகாரிக்கு முன்னால் விரித்துவிட்டாள்.

"ஐயா, என்ர பிள்ளை பேப்பரில வந்திருக்கிறா. அதுதான் வரேல்லை."

அவர் படித்தார். பல வருடங்களாக பெங்களூரில் வசித்துவரும் என்றுதான் செய்தியே ஆரம்பிக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, காய்ச்சல் என்றிருந்தால் விட்டிருப்பார். ஊரே சுற்றி நிற்க, போலீஸ்காரர் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருக்க, அவர் என்னதான் செய்வார்? என் பெயரை அட்டையிலிருந்து அடித்துவிட்டார். அம்மா போனில் அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கன்னாபின்னாவென்று கத்தினேன். பிறகு அவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பெற்றவள் பெருமைப்பட்டாள், அதற்கா தண்டனை?

அந்த அட்டைதான் என்னிடம் இருந்த ஒரே ஆதாரம். அது போனால் நான் அகதிகூட இல்லை. போலீஸ் எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். வேறு வழியில்லாமல் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், மனுஷன் ஆடிப்போய்விட்டார். இத்தனை வருஷம் கோயில் கதையை நம்பிக்கொண்டிருந்தவர் அவர். ஆனாலும் கைவிடவில்லை. அந்த வாரமே பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு ரிடையர்டு அதிகாரியிடம் அழைத்துப் போனார்.

சர்ச்சுக்குப் பின்னால் பழைய ஓட்டு வீடு. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பெரியவர் டெல்லியில் பெரிய பதவியில் இருந்தவர், ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவர் மனைவி கேக் வெட்டிக் கொடுத்தார். அறிவியல், கலை என்று நாட்டுக்குப் பெரிய பங்களிப்புச் செய்தவர்களுக்குக் குடியுரிமை நிபந்தனைகளைத் தளர்த்த சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றார். எனக்காக மேலே பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. தயாராக வைத்திருந்த மனுவைப் படிக்கக் கொடுத்தார். அழகான இங்கிலீஷ். நடுவில் ஒரு வரி, முகாமில் உள்ள மற்றவர்களைப் போல அல்லாமல் இவர் என்று ஆரம்பித்தது.

அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்த வரிதாம்மா மனுவே. எல்லாரையும் போலத்தான்னா, உங்களுக்கு மட்டும் எதுக்குன்னு கேப்பாங்களே."

நியாயமான பேச்சு. முதலில் ஒருவர் உள்ளே போனால் அவரைக் காட்டி அடுத்தவர் போகலாம், நல்ல உதாரணங்கள் வைத்துத்தான் சட்டம் இளகும் என்றும் சொன்னார். அதிலும் தப்பில்லை. கதவு திறந்தபோது உள்ளே போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், உயிருக்குப் பயந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். யோசிக்கிறேன் சார் என்று எழுந்துவிட்டேன். வழியெல்லாம் முதலாளி எனக்கு ஹுச்சு பிடித்துவிட்டது, பைத்தியம் பைத்தியம் என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் ஒற்றை அறை. அண்ணன் பெயிண்டர். எங்கள் முகாம் ஆண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் தொழில், எந்த ஆவணமும் கேட்காத வேலை என்பதால். அண்ணியும் முகாம்காரிதான், பிரசவம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் குதிக்க ஆரம்பித்துவிட்டான். லூசா நீ, கூப்பிட்டுக் கொடுப்பதை யாராவது வேண்டாம் என்பார்களா, வறட்டுக் கௌரவத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது என்றான். அவன் கோபத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துபோயிருந்தான்.

"நீ ஒருத்தியாவது கரை சேரு. எங்களைப் பத்தி என்ன? என்கிட்ட காட்டுறதுக்கு என்ன இருக்கு, நான் பெயிண்ட் அடிச்ச நாலு சுவர்தான் இருக்கு."

அவன் படிப்பில் சுமார். ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். குடிக்க மாட்டான், யாரிடமும் வம்புக்குப் போக மாட்டான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கவிழ்ந்தடித்துத் தூங்குவான். இந்த நாட்டில் அவனைப் போல எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள்! அவர்களிடம் யாரும் என்ன சாதித்தாய் என்று கேட்பதில்லை. நான் மேடையேறிச் சால்வை வாங்கியதால் நல்லவள், இவன் சும்மா இருந்ததால் வெளியே போக வேண்டியவன். சும்மா இருப்பதற்கும் ஒரு மனுஷனுக்கு இடம் வேண்டாமா? நாளைக்கே என் கட்டில் கைப்பிடி உடைந்து யாராவது விழுந்தால், எனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா?

குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் பிறந்தும், எங்களைப் போலவே எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவள். மூன்றாவது தலைமுறை. எனக்குக் கத்தத் தோன்றவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன்.

"நான் கட்டில் செஞ்சேன், எனக்குக் குடுக்கறாங்க. சரி. இவ என்ன செஞ்சா இவளுக்குக் குடுப்பாங்கண்ணா?"

அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான். குழாயடியில் கூட்டமே இல்லை, ஆனாலும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் பெரியவருக்கு நானே போன் செய்தேன். நன்றி சொன்னேன், மனதாரச் சொன்னேன். அந்த மனு வேண்டாம், இங்கே பிறந்தவர்கள் என்ற ஒரே காரணத்தை வைத்துக் குடும்பமாக வழக்குப் போடப் போகிறோம் என்றேன். தோற்றுப் போகலாம்மா, வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் உங்களை யார் காப்பாற்றுவது என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். பயமாகத்தான் இருந்தது, அவரிடம் அதையும் சொன்னேன். கடைசியில் அவரே ஒரு பெண் வக்கீலின் நம்பரைக் கொடுத்தார்.

வக்கீலம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். என் பெயரை முகாம் அட்டையில் திரும்பச் சேர்க்க ஒரு மனு, குடியுரிமைக்குத் தனியாக ஒன்று. இரண்டாவது கஷ்டம், ரொம்பக் கஷ்டம் என்றார். பரிசு வாங்கியவள் என்பதால் என் பெயரை முதலில் போடலாம், கோர்ட்டில் ஒரு கவனிப்பு இருக்கும் என்று யோசனை சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்தான். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். இவள் பெயரை முதலில் போடுங்கள் மேடம் என்றான்.

அப்படித்தான் டைப் ஆகி வந்தது. முதல் மனுதாரர் என் அண்ணன் மகள். இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை. அண்ணன் ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டான்.