நான் இடித்த சனிக்கிழமை

என் மகன் இந்தியாவுக்காக ரக்பி ஆடியவன் என்று சொன்னால் ஆவடியில் பாதிப் பேர் அது என்ன விளையாட்டு என்று கேட்பார்கள். மீதிப் பேர் கேட்காமலே கிரிக்கெட் என்று வைத்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அவன் இரண்டு முறை வெளிநாடு போய் ஆடினான். இரண்டாம் முறை தோள் எலும்பை முறித்துக்கொண்டு வந்தான். விமான நிலையத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து, யாரையோ வழியனுப்ப வந்த பெண்மணி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவன் கட்டுப் போட்ட கையோடு சிரித்துக்கொண்டே வந்தான்.

அவன் கல்லூரியில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்தே எனக்குக் கழுத்தைப் பற்றித்தான் பயம். பந்தோடு ஓடி வருகிறவனைத் தோளால் இடித்து, இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். தலை தப்பான பக்கம் போனால் கழுத்து போய்விடும். கல்லூரிப் பயிற்சியாளர் கொடுத்த ஆங்கிலக் கையேட்டை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் பள்ளி ஆசிரியை. சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் பஞ்சு மெத்தையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவனை இடிக்கச் சொல்வேன். சொல்லிப் புரியாதபோது அவன் கையில் மெத்தையைக் கொடுத்துவிட்டு நானே இடித்துக் காட்டுவேன். அதைப் பற்றி நாங்கள் வெளியே யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

தோள் உடைந்ததோடு ஆட்டம் முடிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு உத்தரவு வந்தது. நான் தேங்காய் உடைத்தேன். அவனோ அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தெரிந்தவர் பட்டறையின் ஒரு மூலையில் ஆறு மாதமாக, ஆட்டக்காரர்கள் இடித்துப் பழக ஒரு எந்திரம் செய்துகொண்டிருந்தான். இரும்புச் சட்டத்தில் ரெக்சின் போர்த்திய தடித்த மெத்தை. உள்ளே எடை எந்திரத்திலிருந்து எடுத்த உணர்கருவி. மேலே சிவப்பு எண்கள். இடித்த வேகத்தை மட்டுமல்ல, இடித்த பிறகும் கால்களை ஊன்றித் தள்ளுகிறோமா என்பதையும் சேர்த்து அது ஒரு எண் காட்டும். இதை விற்றே பிழைப்பேன் என்றான். எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

கடைசியில் எங்கள் இருவருக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. சீருடைப் படை ஒன்றின் ரக்பி அணிப் பயிற்சியாளர் சனிக்கிழமை பருத்திப்பட்டு மைதானத்துக்கு வந்து எந்திரத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வாங்கினால் தொழில். வாங்காவிட்டால் திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். அன்று காலை கோயிலில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை மகனிடம் சொல்லவில்லை. அவர் வாங்கக் கூடாது என்றுதான்.

மைதானத்தில் அவனுடைய பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவரும் பீரோ மாதிரி இருந்தார்கள். அவர்களில் கள்ளிக்குப்பத்துப் பையன் முதலில் இடித்தான். ஐம்பத்தெட்டு. அடுத்தவன் அறுபத்தொன்று. மூன்றாமவன் மோதிய வேகத்தில் பின்னால் வந்து விழுந்தான். ஐம்பது. பயிற்சியாளர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, குண்டா இருக்கவன் ஏறினா முள்ளு கூடும். இந்த எடை மிஷின் ஆவடி ஸ்டேஷன்லயே இருக்கே" என்றார்.

எடைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை, ஒல்லியான ஆள் சரியாக இடித்தால் இதைவிட அதிகம் காட்டும் என்றான் மகன். சரி, ஒல்லியான ஆள் எங்கே என்று கேட்டார் அவர். மகன் சுற்றிப் பார்த்தான். மூன்று பீரோக்களும், மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த நானும்தான். அவன் கண் என்மேல் வந்தது. உடனே நகர்ந்தது. பிறகு குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

நான் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் அவன் ஒயர் சுருட்டிய விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து கைப்பையைத் தரையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பயிற்சியாளர் கையில் கொடுத்தேன். அவர் என்னவென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். புடவையைத் தூக்கிச் செருகினேன்.

"அய்ய, டீச்சரம்மா இன்னாத்துக்கு ஓடியாறாங்க?" என்று கள்ளிக்குப்பத்துப் பையன் கேட்டது காதில் விழுந்தது. "மாமே, உங்கம்மாவப் புடிடா."

யாரும் பிடிக்கவில்லை. தலை பக்கவாட்டில், முதுகு நேராக, தோள் மெத்தையில். கையேட்டின் ஒவ்வொரு வரியும் உடம்பில் ஓடியது. இடித்த பிறகு நிற்கவில்லை. மெத்தையைக் கட்டிக்கொண்டு, செருப்பு எங்கோ பறக்க, வெறுங்காலால் மண்ணை உழுது தள்ளிக்கொண்டே இருந்தேன். யாரோ "போதும்மா" என்றார்கள்.

எழுபத்து நான்கு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. மகன் ஓடி வந்து என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இத்தனை வருடம் நான் அவனுக்குச் செய்த அதே வேலை. அதைப் பார்த்து இன்னும் சிரித்தேன்.

பயிற்சியாளர் தற்செயலாக வந்த எண்ணாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். "இன்னொரு தடவை முடியுமாம்மா?" என்றார். முடிந்தது. அதன்பின் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்த முகாமுக்கு மூன்று எந்திரம் வேண்டும் என்று மகனிடம் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மண்ணாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப திங்கக்கிழமை அவன் போகலையா?"

"போகல."

"யார் கெடுத்தது?"

"நான்தான்."

சொன்ன பிறகுதான் செய்தது உறைத்தது. நிலையான சம்பளம், ஓய்வூதியம், எல்லாவற்றையும் நானே இடித்துத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். அவர் பேப்பரை மடித்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"எவ்ளோ காட்டுச்சு?" என்றார்.

"எழுபத்து நாலு."

"அந்தப் பசங்களுக்கு மேலயா?"

"ரெண்டாவது தடவை எழுபத்தெட்டு" என்றேன்.